125 மைக்ரான் பிலிம், 5 வாட் டையோடு லேசர்: ஒரு பக்கம் வெட்டுது, மறுபக்கம் தோல் நிக்குது

#1 சாக்குமுத்திரை (கோத்தகிரி)

தேயிலைத்தூள் போடுற பேப்பர் சாக்கு மேல ஊர்ப்பேரும் கிரேடும் ஸ்ப்ரே அடிக்க ஸ்டென்சில் வேணும். எழுத்து உயரம் 60 மி.மீ. பிலிம் 125 மைக்ரான் பெட் (PET) பிளாஸ்டிக் ஷீட், கண்ணாடி மாதிரி தெளிவானது. மேல கறுப்பு மார்க்கர் தேச்சுட்டு வெட்டுறேன்.

மெஷின் 450 நானோமீட்டர் நீல டையோடு, ஒளித்திறன் 5 வாட். (பெட்டி மேல 40 வாட்னு போட்டிருக்கு, அது கரண்ட் இழுக்கிற கணக்கு.) கன்ட்ரோலர்ல ஓடுற புரோகிராம் ஜிஆர்பிஎல் 1.1. தளம் 6 மி.மீ. எம்டிஎஃப் (மரநார் அழுத்திச் செஞ்சது) பலகை. செட்டிங்: எஃப்300 (வேகம், நிமிஷத்துக்கு 300 மி.மீ.), எஸ்1000 (முழுச் சக்தி), எம்3 (சக்தி மாறாத முறை), ரெண்டு பாஸ் (ஒரே கோட்டுல ரெண்டு ஓட்டம்).

மூணு கோளாறு:
இடது பாதி சுத்தமா வெட்டுது. வலது பாதியில அடித்தோல் அப்படியே நிக்குது, பாஸ் கூட்டினாலும் போகல.
மூலையெல்லாம் உருகி முத்து கட்டுது.
காலையில வச்ச ஃபோகஸ் மத்தியானம் மிஸ்ட் இறங்கினா மாறிடுது.

லென்ஸ் மாத்தணுமா?

#2 ஒளிக்கோடு (உதகமண்டலம்)

லென்ஸில் கை வைக்காதீர்கள். மூன்று கோளாறுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் சக்திக் கணக்கு. வாட்டை நொடிக்கு எத்தனை மி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் ஒரு மி.மீ. கோட்டில் எத்தனை ஜூல் இறங்குகிறது என்று தெரியும். எஃப்300 என்றால் நொடிக்கு 5 மி.மீ. 5 வாட் ÷ 5 = மி.மீ.க்கு 1 ஜூல். 125 மைக்ரான் கறுப்புப் பிலிமுக்கு 0.12 முதல் 0.2 ஜூல் வரை வைத்துத் தொடங்கினால் போதும். நீங்கள் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை கொட்டுகிறீர்கள். பெட் சுமார் 250 டிகிரியில் உருகும்; 80 டிகிரி தாண்டினாலே இளகிச் சுருங்க ஆரம்பிக்கும். மெதுவாகப் போனால் கோட்டுக்கு இருபக்கமும் சூடு பரவி, பிலிம் நெளிந்து எழும்பும். எழும்பியதும் ஃபோகஸ் போச்சு. அடுப்பைக் குறைப்பதுதான் முதல் வேலை.

எஃப்1200, எஸ்500, ஒரே பாஸ். 2.5 வாட் ÷ 20 = 0.125 ஜூல். அங்கிருந்து எஸ் மட்டும் 50, 50 ஆக ஏற்றிப் பாருங்கள். வேகத்தையும் சக்தியையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கன்ட்ரோலர் செட்டிங்கில் $30 (முழுச் சக்திக்கான எஸ் அளவு) 1000 ஆக இருக்கிறதா பாருங்கள். 255 என்று இருந்தால் எஸ்500 போட்டாலும் முழுச் சக்திதான் வரும்.

மூலைக்கு: எம்3 விட்டு எம்4 போடுங்கள், $32=1 (லேசர் மோட்) வைத்துவிட்டு. எம்3-யில் தலை மூலையில் வேகம் குறைந்தாலும் சக்தி குறையாது. அங்கேதான் முத்து கட்டுகிறது. எம்4 வேகத்துக்குத் தக்கபடி சக்தியை இறக்கும், நின்றால் அணைத்துவிடும்.

#3 மின்பலகை (கொடைக்கானல்)

ரெண்டாவது பாஸ் ஏன் பலிக்கலைன்னு யாரும் சொல்லலையே. தெளிவான பெட் 450 நானோமீட்டரை உறிஞ்சாது, ஒளி அப்படியே ஊடுருவிப் போயிடும். உறிஞ்சுறது உங்க மார்க்கர் மட்டும்தான். முதல் பாஸ்லயே மை ஆவியாகிடுது. அதுக்கப்புறம் அந்தக் கோட்டுல இருக்கிறது வெறும் தெளிவான தோல். எத்தனை பாஸ் போட்டாலும் கதிர் அதுக்குள்ள புகுந்து எம்டிஎஃப்பைத்தான் கரிக்கும். பூசின பிலிம்ல ஒரே பாஸ்ல முடிச்சா முடிஞ்சது, இல்லன்னா திரும்பப் பூசணும்.

மார்க்கர் தேய்ப்பும் வரி வரியா திட்டுத்திட்டா இருக்கும். கறுப்பு போஸ்டர் கலர்ல ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் விட்டுக் கலக்கி, ஸ்பாஞ்சால ஒத்தி எடுங்க. சோப்பு இல்லன்னா பெட் மேல திரைஞ்சு முத்து முத்தா நிக்கும். உங்க ஊர் ஈரத்துல தானா காயாது, ஹேர் டிரையர் பிடிங்க. வேலை முடிஞ்சதும் தண்ணியில கழுவினா போயிடும்.

இதுக்கெல்லாம் பதிலா, நிறமியே கலந்த கறுப்பு பெட் ஷீட் கிடைச்சா வாங்கிடுங்க. அதுல ரெண்டாவது பாஸும் வேலை செய்யும்.

#4 சாக்குமுத்திரை

மை விஷயம் இப்பத்தான் புரியுது. ஆனா இடது பாதி வெட்டி வலது பாதி வெட்டலையே, மை ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? மெஷினோட வந்த அக்ரிலிக் கட்டையை வச்சுத்தான் உயரம் வைக்கிறேன்.

#5 ஒளிக்கோடு

கட்டை மெஷின் தலையின் அடிவிளிம்பிலிருந்து அளக்கிறது, லென்ஸிலிருந்து அல்ல. கட்டையைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு ஒருமுறை சாய்வுச் சோதனை செய்துவிடுங்கள்.

100 மி.மீ. நீளப் பலகையின் ஒரு முனைக்குக் கீழே 10 மி.மீ. முட்டுக் கொடுங்கள். 10 மி.மீ. நகர்ந்தால் 1 மி.மீ. உயரம் கூடும். தாழ்ந்த முனையில் தலையைக் கட்டை அளவைவிட 5 மி.மீ. உயர்த்தி வையுங்கள், கட்டை உயரம் 50-ஆவது மி.மீ.யில் விழும். மரத்தில் கோடு போடாதீர்கள், ரேகை ஏமாற்றும். கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினிய விசிட்டிங் கார்டு நல்லது. எஃப்1500, எஸ்100 போல் மிகக் குறைவாக வைத்துப் போடுங்கள். சக்தி கூடினால் கோடு எல்லா இடத்திலும் தடித்து, மெல்லிய இடம் தெரியாது.

பலர் ஒரே ஒரு நீளக்கோடு போட்டு முடித்துவிடுவார்கள். போதாது. டையோடின் கதிர் வட்டமல்ல, ஒரு அச்சில் நீண்டது. இரண்டு அச்சும் ஒரே உயரத்தில் கூர்மையாகாது. எனவே சரிவு நெடுக எக்ஸ் கோடு ஒன்று, அதை வெட்டும்படி 5 மி.மீ.க்கு ஒரு ஒய் குறுக்குக்கோடு, 15 மி.மீ. நீளம். லூப் (சிறு பூதக்கண்ணாடி) வைத்து, எக்ஸ் கோடு எங்கே மெல்லியது, ஒய் கோடு எங்கே மெல்லியது என்று தனித்தனியாகக் குறியுங்கள். நடுவில் வையுங்கள். எழுத்துக்கு வளைவுதான் அதிகம், இரண்டு திசையும் ஒரே அகலத்தில் வெட்டுவது முக்கியம்.

எவ்வளவு பிசகு தாங்கும்? லென்ஸில் கதிர் சுமார் 4 மி.மீ. அகலம், தூரம் 50 மி.மீ. என்றால் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. ஃபோகஸில் புள்ளி 0.08 மி.மீ. இருந்தால், 1 மி.மீ. தள்ளினால் சுமார் 0.115 ஆகும், பரப்பு இரட்டிப்பு. 2 மி.மீ. தள்ளினால் 0.18, பரப்பு ஐந்து மடங்கு. பிலிம் 0.125 மி.மீ. என்பதால் அதன் தடிமனுக்குள் எங்கே ஃபோகஸ் என்ற கேள்வியே இல்லை, மேல்பரப்பில் வைத்தால் சரி. தளம் 1 மி.மீ. ஏறி இறங்கினால்தான் வினை. உங்கள் வலது பாதியில் அதுதான் நடந்திருக்கும் என்று என் ஊகம்.

#6 பழைய_வெல்டர் (குன்னூர்)

தம்பி, அந்த எம்டிஎஃப் பலகைதான் குத்தவாளி. மிஸ்ட் இறங்கினா அது ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஒரு பக்கம் மட்டும் ஈரம் அடிச்சா வளையும். காலைக்கும் மத்தியானத்துக்கும் மாறுதுன்னு சொல்றப்பவே தெரியுது.

தளத்துல ஒம்போது இடத்துல அளந்து பாருங்க: நாலு மூலை, நாலு நடுப்பக்கம், ஒரு மையம். டயல் கேஜ் வேணாம். தலைக்கும் தளத்துக்கும் நடுவுல கட்டையை வச்சு, மிச்ச இடைவெளியில விசிட்டிங் கார்டு எத்தனை நுழையுதுன்னு எண்ணுங்க. ஒரு கார்டு தடிமன் வெர்னியர்ல ஒருதரம் பாத்துக்கிட்டா போதும்.

மாத்தறதுக்கு 5 மி.மீ. கண்ணாடி போடுங்க. ஈரத்துக்கு வளையாது. பிலிமுக்கு அடியில தண்ணி தெளிச்சு ஒட்டுங்க, காத்துக்குமிழி இல்லாம வைப்பரால தள்ளிட்டா தட்டையா அப்பிக்கும்.

இன்னொண்ணு: பித்தளை லென்ஸ் திருகு தளர்ந்திருந்தா மெஷின் அதிர்றப்ப தானா திரும்பும். மரையில பிளம்பர் சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப் ஒரு சுத்து சுத்திப் போடுங்க.

#7 ஒளிக்கோடு

எம்டிஎஃப் பற்றி வெல்டர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. டெஃப்லான் டேப்பும் சரி, ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கண்ணாடியில் தண்ணீர் வைத்து ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, அண்ணா. இரண்டு காரணம். பிலிமின் அடிப்பக்கம் கண்ணாடியையும் தண்ணீரையும் தொட்டுக்கொண்டிருந்தால் சூடு கீழே இழுக்கப்படும். மேலே பள்ளம் விழும், அடித்தோல் நிற்கும். அவர் புகாரே அதுதான். அடுத்து, நீலக் கதிர் கண்ணாடியைத் தாண்டி மேசையைச் சுடும், கண்ணாடியின் இரண்டு பரப்பிலிருந்தும் கொஞ்சம் மேலே தெறிக்கும்.

பிலிமுக்குக் கீழே காற்று இருக்க வேண்டும்: 3 முதல் 5 மி.மீ. இடைவெளி. மரச்சட்டம் அல்லது அலுமினியச் சட்டத்தின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் பிலிமை இழுத்து ஒட்டினால் தப்பட்டைத் தோல் மாதிரி நிற்கும். கீழே சட்டத்துக்குள் மங்கலான கறுப்புத் தரை ஓடு ஒன்று வையுங்கள், மிச்சக் கதிரை அது வாங்கிக்கொள்ளும்.

#8 பழைய_வெல்டர்

சட்டத்துல கட்டினா பெரிய எழுத்து வெட்ட வெட்ட நடுவுல தொய்யுமே, ஐயா. பாதி வெட்டின பிலிமுக்கு இழுவிசை ஏது? கண்ணாடியில அந்தத் தொல்லை இல்ல.

#9 மின்பலகை

ரெண்டு பேர் சொல்றதும் அளவைப் பொறுத்தது. என் வேலை சர்க்யூட் போர்டுல சால்டர் பேஸ்ட் தடவுற ஸ்டென்சில், ஓட்டை 1 மி.மீ. அளவு. அதுக்குச் சட்டம்தான். 60 மி.மீ. எழுத்துக்குச் சட்டத்தோட சேர்த்து அடியில தாங்கல் வேணும். தேன்கூடு ஸ்டீல் தளம் இருந்தா அது மேல வைக்கலாம், ஆனா கம்பி விளிம்புல கதிர் பட்டுத் திரும்பி பிலிமோட அடியில பொட்டுப் பொட்டா சுடும். அதைத் தடுக்க எழுத்துக்கு வெளியே வர்ற இடத்துல மட்டும் 4 மி.மீ. உயரக் கட்டை நாலைஞ்சு நிறுத்துங்க.

வெட்டுற வரிசைதான் தொய்வுக்கு உண்மையான மருந்து. உள்ளே இருக்கிற சின்ன வடிவம் முதல்ல, வெளிக்கோடு கடைசியில. லைட்பர்ன் சாஃப்ட்வேர்ல உள் வடிவங்களை முதல்ல வெட்டச் சொல்ற ஆப்ஷன் இருக்கு. லேசர்ஜிஆர்பிஎல்ல படம் போடுற வரிசையை நீங்கதான் பாத்துக்கணும். ஒரு எழுத்து முடிஞ்சதும் பக்கத்து எழுத்துக்குப் போகாம ஒண்ணுவிட்டு ஒண்ணுக்குப் போனா, முதல் எழுத்து ஆற நேரம் கிடைக்கும்.

எம்பிராய்டரி வளையத்துல பிடிக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. துணிக்குச் சரி. 125 மைக்ரான் பெட் வழுக்கும், வளையம் ஓரமா நெளியும்.

#10 சாக்குமுத்திரை

அளந்தேன். இடது முன்மூலையை விட வலது பின்மூலை 1.2 மி.மீ. உயரம். மையம் 0.5. வெல்டர் அண்ணன் சொன்னது அப்படியே.

சாய்வுச் சோதனை: எக்ஸ் கோடு 42-ஆவது மி.மீ.யில மெல்லிசு, ஒய் கோடு 55-ல. 1.3 மி.மீ. வித்தியாசம். இது மெஷின் கோளாறா?

#11 ஒளிக்கோடு

கோளாறு இல்லை, ஒற்றை டையோடுக்கு இது இயல்பு. 48-இல் வையுங்கள். அதாவது தாழ்ந்த முனையிலிருந்து 4.8 மி.மீ. உயரத்தில், உங்கள் கட்டை அளவு கிட்டத்தட்ட சரியாகவே இருந்திருக்கிறது. பிழை முழுக்கத் தளத்தில்தான். 1.2 மி.மீ. தூக்கினால் சதுர மி.மீ.க்கு விழும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கும், வலது பாதியில் தோல் நிற்காமல் என்ன செய்யும்?

#12 மின்பலகை

பொருள் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா கண்ட ஷீட்டையும் போடுறாங்க.

பழைய எக்ஸ்ரே பிலிம்: அடி பெட், சுமார் 175 மைக்ரான். கறுத்த பகுதியில வெள்ளித் துகள் இருக்கு, அதுவே ஒளியை உறிஞ்சும், பூச்சே வேணாம். எஸ்800, எஃப்900 பக்கம் ஆரம்பிங்க, மி.மீ.க்கு 0.27 ஜூல் வரும். வெளிறின எலும்புப் பகுதியில வெட்டாது, அதனால நெஞ்சு எக்ஸ்ரேயில நுரையீரல் கறுப்பைப் பாத்து எழுத்தை வைக்கணும். ஜெலட்டின் கருகி முடி பொசுங்கின நாத்தம் வரும். பேரு, வயசு எழுதின ஓரத்தை முதல்லயே நறுக்கிடுங்க.

பாலிஇமைடு: மஞ்சள் நிறம், நீலத்தைத் தானா உறிஞ்சும், உருகாது, கரியும். ஓரம் கூர்மையா வரும். ஆனா அந்தக் கரி மின்சாரம் கடத்தும், சர்க்யூட் வேலைக்குன்னா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நல்லாத் துடைக்கணும்.

லேமினேஷன் பவுச்: உள்ள பசை உருகி நூல் நூலா இழுக்கும். வேணாம்.

பி.வி.சி., ரெக்ஸின், வினைல் ஸ்டிக்கர்: தொடவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூச்சுக்கும் கேடு, மெஷினோட தண்டு, பேரிங் எல்லாம் துருப்பிடிக்கும். சந்தேகம்னா வெளியில போய், செம்புக் கம்பியைச் சுடரில் நிறம் மறையற வரைக்கும் காய்ச்சி, பிளாஸ்டிக்கைத் தொட்டு மறுபடி சுடரில் காட்டுங்க. பச்சையா எரிஞ்சா குளோரின் இருக்கு.

#13 பழைய_வெல்டர்

குளிருதுன்னு ஜன்னலைச் சாத்திக்கிட்டு வெட்டுறாங்க நம்ம ஊர்ல, அதைச் சொல்லணும். பெட் புகையும் நல்லதில்ல. 4 இஞ்ச் குழாய் போட்டு ஃபேன் வச்சு வெளிய தள்ளுங்க.

கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி: ஆரஞ்சு நிறத்துல எது கிடைச்சாலும் போதும்னு நினைக்காதீங்க. 450 நானோமீட்டருக்கு ஓ.டி. (ஒளியைத் தடுக்கிற அளவு) 4-க்கு மேல்னு கண்ணாடி ஃபிரேம்லயே அச்சடிச்சிருக்கணும். தெளிவான பிலிம்ல பட்ட கதிர் எந்தப் பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாது. வீட்ல மத்தவங்களுக்கும் சேர்த்து மறைப்பு வைங்க.

#14 ஒளிக்கோடு

ஜன்னல் பேச்சில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஃபேன் வெளியே தள்ளும்போது அதே அளவு மிஸ்ட் காற்று உள்ளே வரும். லென்ஸ் அதைவிடக் குளிர்ந்திருந்தால் பனி கோக்கும். கோத்த பனியில் புகை ஒட்டினால் பழுப்புப் படலம் ஆகும். அது கதிரை விழுங்கிச் சூடாகி, ஃபோகஸ் மெல்ல நகரும். மெஷினை ஆன் செய்து அரை மணி நேரம் சும்மா விட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், லென்ஸ் பேப்பர். வாயால் ஊதித் துடைப்பது வேண்டாம்.

காற்று பம்ப்: மரத்துக்குப் பெரிய காற்று நல்லது. பிலிமுக்கு அது கெடுதல், படபடவென்று ஆட்டும், உருகியதை நூலாக இழுக்கும். மீன்தொட்டி பம்ப் ஒன்று, 2 மி.மீ. முனை, லென்ஸில் புகை ஏறாத அளவுக்கு.

அப்புறம், வேகம் கூட்டுகிறேன் என்று எஃப்6000 போகாதீர்கள். அர்டுவினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1-இன் பிடபிள்யூஎம் (சக்தியைக் குறைக்க லேசரை விட்டு விட்டு எரியவிடும் முறை) நொடிக்குச் சுமார் 1000 துடிப்பு. எஃப்6000 என்றால் நொடிக்கு 100 மி.மீ.; துடிப்புக்குத் துடிப்பு 0.1 மி.மீ. தள்ளிப் போகும், புள்ளி 0.08 தான். தபால் தலை ஓரம் மாதிரி விட்டு விட்டு விழலாம், சீரான வெட்டு வராது.

#15 சாக்குமுத்திரை

எம்டிஎஃப்பைத் தூக்கிட்டு அலுமினியச் சட்டம், அடியில கறுப்பு ஓடு, நடுவுல நாலு கட்டை. போஸ்டர் கலர் பூச்சு. எம்4, எஃப்1200, எஸ்650, ஒரே பாஸ். நாலு மூலையும் ஒண்ணுபோல வெட்டுது. மிஸ்ட்லயும் பாத்துட்டேன், உயரம் மாறல.

இப்ப புதுப் பிரச்சினை. 'குன்னூர்'ல ரெண்டு ன-வோட சுழியும் விழுந்துடுது, கு-வோட உள்வயிறும் போயிடுது.

#16 மின்பலகை

மூடின சுழி எல்லாத்துக்கும் பாலம் (உள் துணுக்கை வெளிப் பிலிமோட பிடிச்சு வைக்கிற, வெட்டாம விட்ட பட்டை) வேணும். க, ன, ண, ல, ள எல்லாம் அப்படித்தான். 125 மைக்ரானுக்குப் பாலம் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ரெண்டு பக்கச் சூடும் சேர்ந்து மெலிஞ்சிடும். ஒவ்வொரு சுழிக்கும் ரெண்டு பாலம், எதிரெதிரா. ஒத்தைப் பாலம் வச்சா ஸ்ப்ரே காத்துல சுழி நாக்கு மாதிரி எழும்பி மை உள்ள புகுந்திடும். ண-வுல சுழி நெருக்கம், அங்க பாலத்தை எல்லாம் ஒரே நேர்கோட்டுல வச்சா கண்ணுக்கு உறுத்தாது.

வெட்டு முடியற இடத்துல துணுக்கு ஒட்டிக்கிட்டு நின்னா, தொடங்கின இடத்தைத் தாண்டி 0.5 மி.மீ. கூடுதலா ஓட விடுங்க. கையால பிச்சா பாலம் கிழியும்.

#17 பழைய_வெல்டர்

விழுந்த துணுக்கையெல்லாம் ஒரு டப்பாவுல சேருங்க தம்பி. காத்துல பறந்து தேயிலைச் செடிக்குள்ள போனா பொறுக்க முடியாது. குளிர் காயுற நெருப்புல போடுறதும் கூடாது.

#18 சாக்குமுத்திரை

பாலம் வச்சு வெட்டியாச்சு, நிக்குது. கடைசியா ஒண்ணு: வெட்டு ஓரத்துல மெல்லிசா ஒரு வரம்பு கட்டுது, நகத்துல தட்டுது. சாக்கு மேல வச்சா அந்த இடத்துல இடைவெளி விட்டு மை கசியுமா?

#19 ஒளிக்கோடு

உருகிய பெட் ஒதுங்கி உறைந்த வரம்பு அது. முழுக்க இல்லாமல் செய்ய முடியாது. தடவிப் பாருங்கள், பெரும்பாலும் லேசர் பட்ட பக்கத்தில்தான் தட்டும், அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். வெட்டிய முகம் மேலே பார்க்க, அடிமுகம் சாக்கில் படிய வைத்து ஸ்ப்ரே அடியுங்கள். எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வெட்டியிருந்தால் மட்டும் இது ஒத்துவராது. நீங்கள் நேராகத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.